தீவகக் காணியை விற்பதற்கு முன் லெம்பொங்கனைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

இந்தோனேசியாவின் சிறு தீவொன்றில், கடலைப் பார்த்த கிராமத்தில், விடுதி கட்டக் காணி எடுக்கலாம், ஆண்டுதோறும் வாடகை வருமானம் பெறலாம் என்ற அழைப்புகள் இப்போது எமது மக்களையும் வந்தடைகின்றன. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவினர்கள் அவற்றை இங்கே அனுப்பி, போடலாமா விடலாமா என்று கேட்கின்றனர். அதே வேளையில், எமது யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணையையும் நெடுந்தீவையும் காரைநகரையும் இன்னொரு பாலித்தீவாக ஆக்கலாம் என்ற பேச்சும் எமது ஊர்களில் அடிக்கடி எழுகிறது. அங்கே பணம் போட நினைப்பவரும் இங்கே காணி விற்க நினைப்பவரும் ஒரே கேள்வியின் முன்தான் நிற்கிறார்கள். ஒரு சின்னத் தீவின் காணி யாருடைய பெயரில் இருக்க வேண்டும்? அது அந்த ஊரவரின் பெயரிலேயே இருக்க வேண்டும், வெளியாருக்குக் குத்தகையாக மட்டுமே கொடுக்கப்பட வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தீவக மக்களின் முன் வைக்க விரும்புகிறேன்.

பாலியின் தென்கிழக்கே, பாடுங் நீரிணைக்கு அப்பால் நூசா லெம்பொங்கன் என்னும் தீவு உள்ளது. பாலியின் சானூர் கரையிலிருந்து விரைவுப் படகில் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். பரப்பு ஏறத்தாழ 8 சதுர கிலோமீற்றர். எமது நெடுந்தீவின் பரப்பில் ஆறிலொரு பங்கு என்று வைத்துக்கொண்டால் அதன் சிறுமை விளங்கும். ஜுங்குட்பத்து, லெம்பொங்கன் என இரண்டு கிராமங்கள்; மக்களில் மிகப் பெரும்பாலானோர் இந்துக்கள்; கோயிலும் கோயிற் சடங்குகளும் அவர்களது நாளாந்த வாழ்க்கையின் பகுதி. அயலிலே செனிங்கன் என்ற இன்னும் சிறிய தீவும், நூசா பெனிடா என்ற பெரிய தீவும் இருக்கின்றன. மூன்றையும் சூழ்ந்த கடல், பவளப் பாறைகளுக்கும் திருக்கை மீன்களுக்கும் பேர்பெற்றது. ஏறத்தாழ 20,000 ஹெக்டேயர் கடற்பரப்பு அங்கே பாதுகாக்கப்பட்ட வலயமாக உள்ளது.

ஜுங்குட்பத்து மக்கள் 1980களின் தொடக்கத்திலிருந்து கடற்பாசி வளர்த்தே பிழைத்தார்கள். ஆழமற்ற கடலில் முளைகளை அறைந்து, கயிறு கட்டி, பாசித் துண்டுகளை அதிலே பிணைத்துவிட்டு, ஐந்தாறு வாரங்களில் அறுத்தெடுத்து, கரை மணலில் பரப்பிக் காயவைத்து விற்பார்கள். குளிர்களிக்கும் பற்பசைக்கும் சேர்க்கும் பசைப்பொருள் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. பூநகரி, வலைப்பாடு, மன்னார்க் கரைகளில் இதே வகைப் பாசியை வளர்க்கும் எமது பெண்களுக்கு இந்த வேலையின் பாடு நன்றாகவே தெரியும். பின்பு உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினர். பாசி காயவைத்த கரையிலே விடுதிகள் எழுந்தன. இளையவர்கள் படகோட்டவும் விடுதிகளில் வேலை செய்யவும் போனார்கள். பாசியின் விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது, நோயும் வந்தது. 2010களின் பிற்பகுதியில் அந்தத் தொழில் ஏறக்குறைய நின்றே போயிற்று.

2020இல் கொரோனாத் தொற்றுக் காரணமாக விமானங்கள் நின்றன. பயணிகள் ஒருவரும் வரவில்லை. அப்போது லெம்பொங்கன் மக்கள் மீண்டும் முளைகளையும் கயிறுகளையும் எடுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினார்கள். கைவிட்ட தொழிலே அவர்களது அடுப்பை எரிய வைத்தது. அவர்களால் அப்படித் திரும்பிப் போக முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இடையில் விடுதிகள் நின்றிருந்தாலும், கடலும் கரையின் ஒரு பகுதியும் இன்னமும் அவர்களுக்கு எட்டக்கூடியவையாக இருந்தன. வெளிநாட்டவருக்குக் காணி தவணைக்கே போகலாம்; அறுதியாகக் கைமாற முடியாது. இது தற்செயலாக வாய்த்ததல்ல. அந்த நாட்டின் சட்டம் அப்படி அமைந்திருக்கிறது.

அந்தச் சட்டத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. பணம் போட நினைக்கும் எமது உறவினர்கள் முதலில் அறிய வேண்டியதும் அதுவே. இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி, ஹக் மிலிக் எனப்படும் முழு உடைமை உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மாத்திரமே உரியது. இந்தோனேசியர் ஒருவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், அவரும் ஓராண்டுக்குள் அந்த உரிமையைக் கைவிட வேண்டும். வெளிநாட்டவர் பெறக்கூடியது ஹக் பக்காய் எனப்படும் பயன்பாட்டு உரிமை. 2021ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி அது முதலில் 30 ஆண்டுகளுக்கும், பின் 20 ஆண்டுகளுக்கும், மேலும் 30 ஆண்டுகளுக்கும் என நீட்டிக்கப்படலாம். அல்லது காணிச் சொந்தக்காரருடன் நேரடியாகக் குத்தகை எழுதிக்கொள்ளலாம். பாலியில் அது வழக்கமாக 25 அல்லது 30 ஆண்டுகளுக்கு, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்து எழுதப்படுகிறது. தவணை முடியும்போது காணி, அதன்மேல் நிற்கும் கட்டடம் பற்றிய உடன்படிக்கைக்கு அமைய, சொந்தக்காரரிடம் திரும்புகிறது.

இதைத் தாண்டிச் செல்ல ஒரு குறுக்கு வழி காட்டப்படுகிறது. உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரில் காணியை வாங்கி, உண்மையான உரிமையாளர் வெளிநாட்டவரே என்று வேறொரு கடதாசியில் எழுதி வைத்துக்கொள்வதே அந்த வழி. எமது உறவினர்கள் இதற்கு ஒருபோதும் உடன்படக் கூடாது. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, நேராகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு முழு உடைமையை மாற்றும் எந்தச் செயலும் செல்லாது என்றும், அந்தக் காணி அரசைச் சேரும் என்றும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்றும் தெளிவாகக் கூறுகிறது. ரொறன்ரோவில் இரவு வேலை செய்து சேமித்த பணத்தை இப்படிப்பட்ட கடதாசியை நம்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

குத்தகை முறையாக எழுதப்பட்டாலும் ஆபத்து முற்றாக நீங்கிவிடுவதில்லை. கரையோரத்தில், உயர்ந்த அலை எட்டும் எல்லையிலிருந்து குறைந்தது 100 மீற்றர் கரைப்பட்டியாக விடப்பட வேண்டும் என்பது அங்குள்ள விதி. பல ஆண்டுகள் கண்டும் காணாமலும் விடப்பட்ட கட்டடங்கள் மீது இப்போது நடவடிக்கை எடுக்கப்படுகிறது. 2025 யூலையில் பாலியின் பிங்கின் கடற்கரையில், அரச நிலத்தில் எழுந்திருந்த 48 கட்டடங்களை அதிகாரிகள் இடித்தார்கள். அவற்றுள் நெடுங்காலம் நடந்த தங்குவிடுதிகளும் உணவகங்களும் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில், நூசா பெனிடாவின் கெளிங்கிங் செங்குத்துக் கரையில் பாதி கட்டப்பட்டிருந்த கண்ணாடி மின்தூக்கியை அகற்றுமாறு பாலி ஆளுநர் உத்தரவிட்டார். படத்திலே கடலுக்கு மிக அருகில் தெரியும் வீடுதான் விளம்பரத்தில் விலை கூடியது. சட்டத்தின் முன் பெரும்பாலும் அதுவே மிகவும் பலவீனமானது.

இனித் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். சுண்ணாம்புக் கல் நிலத்தில், ஆறில்லாத தீவில், மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, கனத்த உப்பு நீரின் மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர்கள் கூறும் கணக்கு. இதன் மறுபக்கத்தை நாம் கவனிக்க வேண்டும். மேலே நீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழிருந்து உப்பு நீர் அதைப்போல் நாற்பது மடங்கு மேலே ஏறும். குடும்பமொன்று வாளியால் அள்ளும் தண்ணீரைக் கொடுக்கக்கூடிய நிலம், குளிப்பறையும் நீச்சல் தடாகமும் கொண்ட பத்து அறைகளுக்கு மோட்டார் போட்டு இறைக்கும்போது சில ஆண்டுகளில் உவராகிவிடுகிறது. ஒரு காணியின் கிணறு உவராகினால் அது அந்தக் காணியோடு நிற்பதுமில்லை. வேலியை எங்கே போட்டாலும் நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது.

பாலிக்குக் கிழக்கே உள்ள லொம்பொக் தீவை அடுத்துள்ள மூன்று கிலித் தீவுகள் இதற்குப் போதிய சாட்சி. மோட்டார் வாகனமே ஓடாத, குதிரை வண்டியும் துவிச்சக்கர வண்டியும் மாத்திரம் போகும் அந்த அழகிய தீவுகளில், கிணற்று நீர் பெரும்பாலும் உவர் நீரே. கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியே கொடுக்கும் ஏற்பாட்டையே பலர் நம்பியிருந்தனர். 2024இல், அனுமதி தொடர்பான பிணக்குக் காரணமாக அந்த விநியோகம் நின்றபோது, மூன்றுக்கும் நடுவில் உள்ள கிலி மேனோ மக்கள் குடிதண்ணீருக்குத் தவித்தார்கள். விடுதிக்காரர் படகில் தண்ணீர் தருவித்துச் சமாளிக்கலாம். மீன்பிடிக்கும் குடும்பம் எத்தனை நாளைக்குச் சமாளிக்கும்?

பயணிகளின் தொகைக்கேற்பப் பாலமும் படகுத்துறையும் மருத்துவ வசதியும் வளர்வதில்லை என்பதையும் அங்குள்ள அனுபவம் காட்டுகிறது. 2016 ஒக்டோபர் 16ஆம் திகதி, வழிபாட்டுக்காக மக்கள் கூடிய மாலையில், லெம்பொங்கனையும் செனிங்கனையும் இணைத்த தொங்குபாலம் அறுந்து விழுந்து எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். நயினாதீவு அம்மன் திருவிழாக் காலத்தில் குறிகட்டுவான் இறங்குதுறையில் திரளும் சனத்தைக் கண்ட எவருக்கும், தாங்கக்கூடிய அளவு என்பது எவ்வளவு முக்கியம் என்று நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

எமது தீவகத்துக்கு வருகிறேன். போரும் இடப்பெயர்வும் புங்குடுதீவையும் அனலைதீவையும் எழுவைதீவையும் எவ்வளவு வெறுமையாக்கின என்பது எல்லோரும் அறிந்த செய்தி. கூரை இழந்த வீடுகளும் பற்றைமண்டிய வளவுகளும் நிறைந்த ஊரில், யாராவது வந்து கட்டி, நாலு பேருக்கு வேலை கொடுத்தால் நல்லதுதானே என்று சொல்பவர்களை நான் குறைகூற மாட்டேன். பயணிகள் வருவதை நானும் வரவேற்கிறேன். பலாலி விமான நிலையம் 2019இல் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டதும், காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடுவதும் எமக்கு நல்ல வாய்ப்புகள். நெடுந்தீவின் பவளக்கல் வேலிகளும் குதிரைகளும் பெருக்கு மரமும் உலகத்தார் வந்து பார்க்கத் தக்கவையே. பயணிகள் வரட்டும், அவர்களை வரவேற்கும் காணி எமது பிள்ளைகளின் பெயரில் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

எமது சட்டம் இந்தோனேசியச் சட்டத்தைப் போல் இறுக்கமானதல்ல. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்கும், பங்குகளில் பாதி அல்லது அதற்கு மேல் வெளிநாட்டவர் வசமுள்ள கம்பனிகளுக்கும் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. 99 ஆண்டுகள் வரை குத்தகைக்கு இடமளிக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. கொழும்பிலிருந்து வரும் உள்ளூர்க் கம்பனிக்கும் இல்லை. இரட்டைக் குடியுரிமை பெற்ற எமது பிள்ளைகள் தமது ஊரில் காணி வைத்திருப்பது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதே வழியால், தீவில் ஒருநாளும் தங்கப் போகாத ஒருவர் கரையோரத்தில் இருபது பரப்புக் காணியை எழுதி வாங்கி, கம்பிவேலி அடித்து, விலை ஏறும்வரை காத்திருக்கவும் முடியும்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை எமக்கு ஒரு பாதுகாப்பைத் தந்துள்ளது. 1947ஆம் ஆண்டின் முற்கொள்வனவு உரிமைச் சட்டத்தின்படி, பிரிபடாத பங்கொன்றை விற்க நினைப்பவர், ஏனைய பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். தீவகத்தின் காணிகளில் பெருந்தொகை இன்னமும் பிரிபடாத பங்குகளே. பங்காளிகள் பாரிசிலும் சூரிச்சிலும் சிதறிக் கிடக்கையில், அந்த அறிவித்தல் பெயரளவுக்குச் செய்யப்பட்டு, விற்பனை உறுதிப்பத்திரம் முடிக்கப்பட்டுவிடுகிறது. இருக்கிற உரிமையை யாரும் கேட்டு வாங்காவிட்டால் அது ஏட்டில் மட்டுமே இருக்கும். ஆகையால், வெளிநாட்டிலுள்ள பங்காளிகள் தமது விலாசத்தைக் குடும்பத்தாரிடமும் உறுதி எழுதும் நொத்தாரிசிடமும் கொடுத்துவைத்து, அறிவித்தல் கிடைத்ததும் உரிய காலத்துக்குள் பதில் அனுப்ப வேண்டுமென மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.

குத்தகைக்குக் கொடுக்காமல் விற்றுவிடவே பலர் விரும்புவதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. கொடுத்தால் எழும்ப மாட்டார்கள், பத்து ஆண்டு போனால் ஆட்சியுரிமை கோருவார்கள் என்ற பயம் அது. போர்க்காலத்தில் பிறர் குடியிருந்த காணிகளை மீட்க அலைந்தவர்களுக்கு இந்தப் பயம் வந்ததில் வியப்பில்லை. அவர்களுக்காகவே 2016இல் விசேட சட்டமொன்றும் கொண்டுவரப்பட்டது. எனினும், நொத்தாரிசின் முன் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்த குத்தகையின் கீழ் இருப்பவர் சொந்தக்காரரின் உரிமையை ஏற்றுக்கொண்டே இருக்கிறார். அந்த இருப்பைக் காட்டி அவர் ஆட்சியுரிமை கோர முடியாது. வாய்ப்பேச்சிலும் வெற்றுக் கடதாசியிலும் கொடுக்கும் காணிதான் தகராறில் முடிகிறது. 1840ஆம் ஆண்டிலிருந்தே, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு உறுதியாக இருக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். அதைச் சரிவரச் செய்தால், இருபது ஆண்டுக்குப் பின் காணியும் திரும்பும், இடையில் வருமானமும் வரும். விற்றவருக்கோ ஒருமுறை பணம். அந்தப் பணம் பெரும்பாலும் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவரிடம் போய்விடுகிறது என்பதை எமது ஊர்களில் எத்தனையோ வீடுகளில் காண்கிறோம்.

சாட்டியை நினைத்துப் பாருங்கள். வேலணையின் சாட்டிக் கடற்கரைக்கு விடுமுறை நாட்களில் குடாநாடு முழுவதிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அதே சாட்டியின் மணற்பரப்பிலுள்ள கிணறுகள்தான் தீவகத்துக்கு நெடுங்காலமாக நல்ல தண்ணீர் தந்துவந்தன. விடுதி கட்டுவதற்கு மிகவும் விருப்பப்படும் இடமும் குடிநீருக்கு மிகவும் பெறுமதியான இடமும் ஒன்றாக அமைந்திருக்கும்போது, அங்கே எத்தனை அறைகள், எவ்வளவு தண்ணீர், கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்காமல் அனுமதி கொடுப்பது மிகவும் தவறானது. மருதங்கேணி, தாளையடியில் 2024இல் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டதைச் சொல்லிச் சிலர் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்கின்றனர். செலவு கூடிய அந்தத் தண்ணீர் வீடுகளுக்காக உண்டாக்கப்பட்டது. நீச்சல் தடாகங்களை நிரப்புவதற்காக அல்ல.

2025 மே மாதத் தேர்தலின் பின் வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், நெடுந்தீவுப் பிரதேச சபைகள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கையில் உள்ளன. ஒவ்வொரு தீவிலும் பொதுக் கிணறுகளின் உவர்த்தன்மையை ஆண்டுக்கு இருமுறையாவது, மழைக்கு முன்னும் பின்னும் அளந்து, மக்கள் பார்க்கும்படி எழுதி ஒட்டுமாறு அச்சபைகளைக் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை அறைகளைத் தாங்க முடியும் என்பதை அந்த அளவீட்டைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்த பின்பே கட்டட அனுமதி வழங்க வேண்டும். கடற்கரையிலிருந்து 300 மீற்றர் வரை கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அதிகாரம் உண்டு என்பது 1981ஆம் ஆண்டின் சட்டம். அத்திணைக்களம் அனுமதி கொடுக்கும் முன் பிரதேச சபையிடமும் கடற்றொழிலாளர் சங்கத்திடமும் கருத்துக் கேட்க வேண்டும். வலை காயவிடும் இடம், வள்ளம் இழுத்துவிடும் துறை, வாடிகளுக்குப் போகும் ஒழுங்கை ஆகியவை எந்த உறுதியிலும் எழுதப்படாதவை. முதல் வேலி விழும்போது முதலில் மறைபவையும் அவையே. கடலட்டைப் பண்ணைகளுக்காகக் களப்பு பிரிக்கப்பட்டபோது எழுந்த பிணக்குகளை நாம் இன்னும் மறக்கவில்லை. நில அளவையாளர்களைக் கொண்டு இந்தத் துறைகளையும் ஒழுங்கைகளையும் இப்போதே வரைபடத்தில் குறித்து, பிரதேச செயலகத்தில் பதிந்து வைக்க வேண்டும்.

எமது சட்டத்தரணிகளும் நொத்தாரிசுமாரும் ஒன்றுகூடி, சுற்றுலாவுக்கான குத்தகை உறுதிக்கு எளிய தமிழில் ஒரு மாதிரியை எழுதித் தருவார்களானால் அது பேருதவியாக இருக்கும். தவணை எவ்வளவு, வாடகை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உயரும், தவணை முடிவில் கட்டடம் யாருக்கு, கிணற்றிலிருந்து நாளொன்றுக்கு எவ்வளவு இறைக்கலாம், கடற்கரைக்குப் போகும் வழி எப்போதும் திறந்திருக்குமா என்பவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். இளம் குடும்பங்கள் தமது வீட்டில் இரண்டு அறைகளை ஒதுக்கிப் பயணிகளை ஏற்க முன்வந்தால், கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக அவர்களுக்குக் குறைந்த வட்டிக் கடன் கிடைக்க வேண்டும். கூரை மாற்றவும் கழிப்பறை கட்டவும் பணமில்லாமல் காணியை விற்கும் குடும்பத்திடம் விற்காதீர்கள் என்று வெறுமனே சொல்வது நியாயமாகாது.

தங்கள் பத்திரிகையில் வெளிவரும் காணி விற்பனை விளம்பரங்களில் தீவகக் கரையோரக் காணிகள் கூடிவருவதை நான் தொடர்ந்து கவனித்து வருகிறேன். அந்தக் காணிகளைப் பற்றியும், அவற்றின் கிணறுகளைப் பற்றியும், கடற்கரைக்கான வழிகளைப் பற்றியும் தங்கள் செய்தியாளர்கள் ஒவ்வொரு தீவாகச் சென்று எழுத வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வரும் மாரி மழைக்கு முன், கிணறுகள் மிகவும் வற்றியிருக்கும் ஆவணி, புரட்டாதியில் அப்பணியைத் தொடங்கினால், உவர் எதுவரை ஏறியுள்ளது என்பதையும் அவர்கள் நேரிலேயே பார்த்து எழுதலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
வேலணை, யாழ்ப்பாணம்.